முதல் ரத்த மாதிரிக்கு முன்பே கூட வேண்டியவர்கள்

கேள்வி: உயிர்வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன், இது மூன்றாம் ஆண்டு. முடக்குவாத நோயாளிகளுக்கு அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் டி.என்.எஃப். எதிர்ப்பு ஊசி தொடங்குவதற்கு முன், உடலில் காசநோய்க் கிருமி பதுங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தப் பரிசோதனை சிலரிடம் ஏன் தெளிவான விடை தருவதில்லை என்பதுதான் எங்கள் ஆய்வு. ஒரு மூட்டுநோய் மருத்துவர், ஒரு நெஞ்சக மருத்துவர், என் வழிகாட்டி, ஒரு புள்ளியியலாளர் ஆகியோர் குழுவில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் துறையில் தேர்ந்தவர்களே. ஆனால் மருத்துவர்கள் ரத்தத்தை அனுப்புவதோடு சரி. நான் சோதித்துக் கணினியில் ஏற்றுகிறேன். புள்ளியியலாளரோ, ‘நோயாளிகளை ஒரு பருவத்திலும் ஒப்பீட்டுக் குழுவினரை வேறொரு பருவத்திலும் சோதித்திருக்கிறீர்கள், இதை வைத்து எதையும் சொல்ல முடியாது’ என்று எழுதிவிட்டார். என்னோடு சேர்ந்தவர்கள் எலிகளை வைத்து ஆய்வு செய்து கட்டுரையும் வெளியிட்டுவிட்டார்கள். நானும் எலிக்கே மாறிவிடலாமா? மாறாமல் இருந்தால் இந்தக் குழுவை எப்படி ஒன்றுசேர்ப்பது? கட்டுரை வரும்போது என் பெயர் எங்கே நிற்கும்?
— ஆய்வு மாணவி, தென் தமிழகம்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு, வணக்கம்.

மாற வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் சோர்வு எனக்குப் புரிகிறது. மூன்றாம் ஆண்டில் கையில் கட்டுரை இல்லாமல் நிற்பது எளிய நிலை அல்ல. ஆனாலும் நீங்கள் எடுத்துக்கொண்ட கேள்வியை எலியிடம் கேட்க முடியாது, மனிதரிடம்தான் கேட்க முடியும். அதுவும் ஒரு துறையைச் சேர்ந்தவர்கள் மட்டும் உட்கார்ந்து கேட்டால் விடை வராது. உங்கள் குழுவில் திறமைக்குக் குறைவில்லை. ரத்தம் எடுத்து முடித்த பிறகுதான் அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கத் தொடங்கியிருக்கிறார்கள், குறை அங்கேதான் இருக்கிறது. புள்ளியியலாளர் கடைசியில் பார்த்துச் சொன்னதை முதலில் பார்த்திருந்தால் அது உங்களை முடக்கும் கடிதமாக வந்திருக்காது, ஆய்வின் வரைபடமாகவே வந்திருக்கும்.

இதை நான் பொதுவாகச் சொல்லவில்லை. நீங்கள் கைவைத்திருக்கும் மருந்தின் வரலாறே இதற்குச் சான்று. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உங்கள் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்துக்கும் அது பயன்படும்.

1980களில் லண்டனில் மார்க் ஃபெல்ட்மன் என்ற நோயெதிர்ப்பியலாளரும், லூதியானாவில் பிறந்து பிரிட்டனில் மூட்டுநோய் மருத்துவரான ரவீந்தர் மைனியும் இணைந்து பணியாற்றத் தொடங்கினர். முடக்குவாதத்தில் வீங்கிய மூட்டின் உட்சவ்வில், செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் சைட்டோகைன்கள் பலவகையாகப் பெருகியிருப்பது அப்போதே தெரிந்திருந்தது. இத்தனை சைட்டோகைன்கள் இருக்கும்போது ஒன்றை மட்டும் தடுத்தால் மற்றவை அதன் வேலையைச் செய்துவிடும், ஆகவே ஒன்றைத் தடுப்பதால் பயனில்லை என்பது பலருடைய எண்ணம். ஆய்வகத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தால் அந்த எண்ணத்தை மறுப்பது கடினம். ஆனால் இவர்களிடம் நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த திசுவே இருந்தது. அந்தச் செல்களை வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் இல்லாமல் வளர்த்தபோதும் அவை தொடர்ந்து சைட்டோகைன்களைச் சுரந்தன. ஃபியோனுலா பிரென்னன் முதன்மை ஆசிரியராக இருந்து 1989இல் வெளியான கட்டுரையில், அந்த வளர்ப்பில் டி.என்.எஃப். என்ற சைட்டோகைனை மட்டும் தடுத்தால் இன்டர்லூக்கின்-1 என்ற மற்றொரு சைட்டோகைன் சுரப்பதும் குறைகிறது என்று காட்டினார்கள். பல சைட்டோகைன்கள் அருகருகே தனித்தனியாக ஓடவில்லை, ஒன்றின் கீழ் மற்றொன்று வரிசையாக இயங்குகின்றன என்பதற்கு முதல் உறுதியான அடையாளம் அதுதான்.

அடுத்து எலி வந்தது. மூட்டழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு டி.என்.எஃப்-ஐப் பற்றித் தடுக்கும் புரதமான டி.என்.எஃப். எதிர்ப்பு ஆன்டிபாடியைக் கொடுத்துப் பார்த்ததில் வீக்கமும் மூட்டுச் சிதைவும் குறைந்தன. அந்த முடிவுகள் 1992இல் வெளியாயின. மனிதருக்குக் கொடுக்கத் தக்க ஆன்டிபாடி லண்டனில் இல்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் யான் வில்செக்கின் ஆய்வகமும் சென்டோகார் என்ற நிறுவனமும் சேர்ந்து அதை உருவாக்கியிருந்தன. ரத்தத்தில் கிருமி பரவி உடலே நிலைகுலையும் செப்சிஸ் நோய்க்கு அது உதவும் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. அங்கே அது உதவவில்லை. அந்த மருந்தைத்தான் 1992இல் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் முடக்குவாத நோயாளிகள் இருபது பேருக்குக் கொடுத்தார்கள். 1994இல் வெளியான, மருந்தற்ற ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வில் 73 பேர் பங்கேற்றனர். நான்காம் வாரத்தில் மருந்தற்ற ஊசி பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கும், குறைந்த அளவு பெற்றவர்களில் 44 விழுக்காட்டினருக்கும், கூடிய அளவு பெற்றவர்களில் 79 விழுக்காட்டினருக்கும் நோய் தணிந்திருந்தது. 73 பேர் என்ற எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் எந்த நாளில், எந்த அளவுகோலில், யாருடன் ஒப்பிடுவது என்பதை மருத்துவரும் ஆய்வகத்தாரும் கணக்கிடுபவரும் முன்கூட்டியே பேசி முடித்திருந்தால் சிறிய எண்ணிக்கையும் பேசும். உங்கள் புள்ளியியலாளர் கேட்பதும் அதைத்தான்.

இந்த மருந்துதான் பின்னர் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. ஃபெல்ட்மனுக்கும் மைனிக்கும் 2003இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. மூட்டுத் திசு, செல் வளர்ப்பு, எலி, ஆன்டிபாடி தயாரிப்பு, மருத்துவமனைப் படுக்கை என்ற சங்கிலியில் ஒரு கண்ணி விட்டிருந்தாலும் இந்த மருந்து இல்லை.

ஆனால் அந்தச் சங்கிலியில் இடம்பெறாத ஒருவரும் உண்டு, அவர் நெஞ்சக மருத்துவர். உங்கள் ஆய்வு பிறந்தது அந்த இடத்தில்தான் என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். பிரென்னனின் கட்டுரை வெளியான அதே 1989இல், ஜெனிவாவிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. காசநோய்த் தடுப்பூசிக் கிருமியான பி.சி.ஜி. செலுத்தப்பட்ட எலிகளில் டி.என்.எஃப்-ஐத் தடுத்தால், கிருமியைச் சூழ்ந்து அடைத்துவைக்கும் செல் கூட்டமான கிரானுலோமா சரியாக உருவாவதில்லை என்று அது காட்டியது. 1995இல் அமெரிக்காவில் காசநோய்க் கிருமியையே வைத்துச் செய்த எலி ஆய்வும், டி.என்.எஃப். இல்லாமல் எலியால் அந்தக் கிருமியைத் தாக்குப்பிடிக்க முடியாது என்று உறுதிசெய்தது. ஆக, மூட்டு வீக்கத்துக்குக் காரணமான பொருள்தான் காசநோய்க் கிருமியை அடைத்துவைக்கும் சுவரையும் கட்டிக் காக்கிறது என்பது, ஊசி பெருவாரியாகப் பயன்பாட்டுக்கு வரும் முன்பே அச்சில் இருந்தது. ஒரு செய்தி மூட்டுநோய் ஆய்வாளர்களிடமும் மற்றொன்று தொற்றுநோய் ஆய்வாளர்களிடமும் இருந்தன.

அமெரிக்காவில் இன்ஃப்ளிக்ஸிமாப் 1998இல் குரோன் என்ற குடல் அழற்சி நோய்க்கும், 1999இல் முடக்குவாதத்துக்கும் அனுமதி பெற்றது. 2001இல் பாஸ்டனைச் சேர்ந்த நெஞ்சக மருத்துவர் ஜோசஃப் கீனும், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். இந்த ஊசிக்குப் பின் காசநோய் வந்த 70 பேரின் விவரம் அதில் இருந்தது. பாதிப் பேருக்கு ஊசி தொடங்கிய 12 வாரங்களுக்குள்ளாகவே நோய் தெரிந்துவிட்டது. பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரலுக்கு வெளியேயும் காசநோய் இருந்தது. சுவர் இடிந்து கிருமி உடலெங்கும் கிளம்பியதைத்தான் இது காட்டுகிறது. இந்தத் தகவல்கள் பெரிய ஆய்வு ஒன்றிலிருந்து வந்தவை அல்ல. ஆங்காங்கே பணியாற்றிய மருத்துவர்கள், தம் நோயாளிக்கு நேர்ந்ததைப் படிவத்தில் எழுதி அனுப்பியதால் கிடைத்தவை. அந்தப் படிவங்களை ஒன்றாக அடுக்கிப் பார்க்க மருந்துப் பாதுகாப்பு அறிந்தவரும், அவற்றில் தெரிந்த வடிவத்தை இனங்காண நெஞ்சக மருத்துவரும் தேவைப்பட்டனர்.

முதலில் ஆய்வு செய்தவர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. காசநோய் அரிதாகிவிட்ட நாடுகளில் நடந்த சிறிய ஆய்வுகளில் அது தலைகாட்டாமல் போனதில் வியப்பில்லை. ஆனால் இந்த இரண்டு அறிவையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் ஒரு நெஞ்சக மருத்துவர் தொடக்கத்திலேயே குழுவில் இருந்திருந்தால், ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை என்ற விதி முதல் நாளிலிருந்தே இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். விதி வந்த பின் என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. ஸ்பெயினில் இவ்வகை ஊசி பெறுபவர்களின் தேசியப் பதிவேட்டைப் பார்த்தால், 2002இல் பரிசோதனையும் முன்சிகிச்சையும் பரிந்துரைக்கப்பட்ட பிறகு புதிய காசநோய் பெருமளவு குறைந்தது தெரிகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பரிசோதனைதான் நம் நாட்டில் தடுமாறுகிறது. பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டுக்கொண்ட மக்கள், கிருமியோடு அன்றாடம் உறவாடும் சூழல், அதன்மேல் நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டும் மெதோட்ரெக்சேட்டும் ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட உடல் என மூன்றும் ஒன்றுசேர்ந்த ஒருவரின் முன்கையில், காசநோய்க் கிருமியின் புரதத்தைத் தோலுக்குள் செலுத்தித் தடிப்பைப் பார்க்கும் மாண்டோ ஊசி போட்டால், தடிப்பு வந்தாலும் சந்தேகம், வராவிட்டாலும் சந்தேகம். ரத்தத்தில் இன்டர்ஃபெரான் காமாவை அளக்கும் ஐகிரா பரிசோதனை பி.சி.ஜி. குழப்பத்தைத் தவிர்க்கிறது, ஆனால் அதுவும், இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் துடிப்போடு இருந்தால்தான் விடை சொல்லும். ஆய்வகத்தில் வழக்கமாகப் பயன்படும் எலி வகைகளில் மனிதருக்கு உண்டாவதைப் போல நடுப்பகுதி அழுகிய கிரானுலோமா பெரும்பாலும் உண்டாவதில்லை. எலி பத்தாண்டு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை உட்கொள்வதும் இல்லை. டி.என்.எஃப். ஏன் வேண்டும் என்பதை எலி நமக்குச் சொல்லிவிட்டது. வெளிநோயாளர் பிரிவில் எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த அம்மாவுக்கு ஊசி போடலாமா என்பதை அது சொல்லாது.

சரி, குழுவை எப்படி ஒன்றுசேர்ப்பது? முதலில் நீங்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. ரத்தம் எடுக்கும் நாளில் காலையிலேயே மருத்துவமனைக்குப் போய், கடைசி மாதிரி உங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேரும் வரை அதன் கூடவே இருங்கள். ஒரு நாள் போதாது; சில வாரங்கள் தொடர்ந்து செய்யுங்கள். என்ன தெரியவரும் என்று ஒரு எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

பிரெட்னிசோலோன் மாத்திரை விழுங்கிய நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் ரத்தத்தில் சுற்றும், டி செல்களும் அடங்கிய லிம்ஃபோசைட்டுகளின் எண்ணிக்கை இறங்கி, மறுநாளுக்குள் மீண்டும் ஏறிவிடும். அளவு கூடினால் இறக்கமும் கூடும். உள்ளூர் நோயாளி காலை எட்டு மணிக்கே வந்து, ரத்தம் கொடுத்துவிட்டு, வெளியே இட்லி சாப்பிட்டு, அதன் பிறகு மாத்திரை போடுகிறார். தொலைவான ஊரிலிருந்து வருபவர் விடியற்காலையில் வீட்டிலேயே சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டு பேருந்து ஏறி, பதினொரு மணிக்கு மேல் வந்து வரிசையில் நிற்கிறார். இருவருடைய கோப்பிலும் ‘பிரெட்னிசோலோன் 7.5 மில்லிகிராம், நாள்தோறும்’ என்ற ஒரே வரிதான் இருக்கும். உங்கள் திரையில் ஒருவருக்கு டி செல்கள் குறைவாகவும் மற்றவருக்கு நிறைவாகவும் தெரியும். தொலைவிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் நோய் முற்றியவர்களாகவும் இருந்துவிட்டால், ‘நோய் கடுமையானால் டி செல் குறைகிறது’ என்று அழகான ஒரு வரைபடம் கிடைத்துவிடும். அதில் நோயின் பங்கு எவ்வளவு, பேருந்து நேரத்தின் பங்கு எவ்வளவு என்பது கோப்பைப் பார்த்தால் தெரியாது. ரத்தம் எடுக்கும் அறையில் நின்றால்தான் தெரியும்.

மெதோட்ரெக்சேட்டும் இப்படியே. வாரம் ஒரு முறை போடும் மாத்திரை என்பதால் பலரும் அதற்கு ஒரு கிழமையை வைத்திருப்பார்கள். காய்ச்சல் வந்ததால் ஒரு மாதம் நிறுத்தியவர், வயிற்றைப் புரட்டுகிறது என்று தாமாகவே பாதியாகக் குறைத்தவர், விரதத்துக்காக விட்டவர் என்று எல்லோரும் இருப்பார்கள். மருத்துவரிடம் அதைச் சொல்லத் தயங்குவார்கள். கட்டுப் போடும் செவிலியரிடம் சொல்லிவிடுவார்கள். ஆகவே அந்தச் செவிலியர் உங்கள் குழுவின் உறுப்பினர். இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை, தரவின் தரத்துக்காகச் சொல்கிறேன். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்டு இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்திருக்கும் மையத்தின் முதல் பெரும் ஆய்வை நினைத்துப் பாருங்கள். வீட்டில் வைத்து மருந்து கொடுப்பது சானடோரியச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று 1959இல் உலகுக்குச் சொன்ன ஆய்வு அது. மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் நுண்ணுயிரியலாளர்களும் இருந்ததோடு, வீடு வீடாகப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்து, சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று உறுதிசெய்த களப்பணியாளர்களும் இருந்ததால்தான் அந்த முடிவை உலகம் நம்பியது.

ரத்தக்குழாயின் பயணத்தையும் பாருங்கள். ஐகிரா குழாயை, ரத்தம் எடுத்த 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரி இன்குபேட்டரில் வைக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. செல்களைப் பிரித்தெடுப்பதற்கான, ரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின் கலந்த குழாய்க்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எட்டு மணி நேரத்துக்கு மேல் அறை வெப்பத்தில் கிடந்தால் கிரானுலோசைட்டுகள் என்ற வேறுவகை வெள்ளணுக்கள் கலந்து, டி செல்களின் வேலைத்திறன் குறையத் தொடங்கும். காலை பத்து மணிக்கு எடுத்த குழாய், ஆள் இல்லாததால் மாலை வரை மேசைத் தாங்கியில் நின்றிருக்கலாம், ஏ.சி. காற்று நேராகப் படும் இடத்திலும் இருந்திருக்கலாம். இதில் யாருடைய கவனக்குறைவும் இல்லை. அந்த மணி நேரம் உங்களுக்கு ஏன் முக்கியம் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை, அவ்வளவுதான். நீங்கள் போய்ச் சொன்னால் மறுநாளே மாறும். நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

மருத்துவர்களையும் அதேபோல உங்கள் பக்கம் அழைத்து வாருங்கள். கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவிலிருந்து வருபவரிடம் நேரம் இருக்காது என்பது உண்மை. ஆனாலும் செல்களை வகை பிரித்து எண்ணும் ஃபுளோ சைட்டோமீட்டர் கருவி முன் ஒரு மணி நேரம் அவரை உட்காரவைத்து, எந்தப் புள்ளிக்கூட்டத்தைச் சுற்றிக் கோடு போடுகிறீர்கள், கோட்டைச் சற்று நகர்த்தினால் விழுக்காடு எப்படி மாறுகிறது என்று காட்டுங்கள். அதன் பிறகு உங்கள் எண்களை அவர் வேறு கண்ணோடு பார்ப்பார்; ‘இந்த நோயாளிக்குப் போன வாரம் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டேனே’ என்று அவரே நினைவுகூர்வார். கோப்பில் இல்லாத அந்த ஒரு வரிதான் பல மாதக் குழப்பத்தைத் தீர்க்கக்கூடும். பதிலுக்கு நீங்களும் அவருக்கு ஏதேனும் கொடுக்க வேண்டும். ஐகிரா விடையை ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் அனுப்பாமல், உண்மை அளவையும் கட்டுப்பாட்டுக் குழாயின் அளவையும் சேர்த்து அன்றே அனுப்புங்கள். ‘விடை தெளிவில்லை’ என்று வந்தால், நோயாளியின் செல்களே தூண்டுதலுக்குப் பதில் தரவில்லையா, எதையும் சேர்க்காத குழாயிலேயே அளவு உயர்ந்திருந்ததா என்பது அவருடைய அடுத்த முடிவுக்கு உதவும்.

புள்ளியியலாளரின் கடிதத்தைப் பற்றி. அவர் சொன்னது சரி, அதை மறுக்க முயலாதீர்கள். நோயாளிகளைப் பிப்ரவரியில், செல்களை அடையாளங்காணப் பயன்படும் ஆன்டிபாடியின் ஒரு தொகுதியை வைத்தும், ஒப்பீட்டுக் குழுவினரைச் செப்டம்பரில் புதிய தொகுதி வைத்தும் சோதித்திருந்தால், தெரிகிற வேறுபாடு நோயாலா, ஆன்டிபாடித் தொகுதியாலா, கருவி அமைப்பாலா என்பதை எந்தக் கணக்கும் பிரித்துக் காட்டாது. கணினியில் சரிசெய்யும் மென்பொருள்கள் உண்டு என்று யாராவது சொல்வார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் இரு சாராரும் கலந்திருந்தால்தான் அவை உதவும், முழுதும் பிரிந்து கிடக்கும்போது உண்மை வேறுபாட்டையும் சேர்த்தே துடைத்துவிடும். ஆனால் எல்லாம் வீணாகிவிடவில்லை. திரவ நைட்ரஜனில் செல்கள் மீதம் இருந்தால், நோயாளிகளையும் ஒப்பீட்டுக் குழுவினரையும் கலந்து அடுக்கி, யாருடையது என்று தெரியாதபடி எண்ணிட்டு, மறுபடி சோதியுங்கள். ஒவ்வொரு சோதனை நாளிலும் ஒரே ஆரோக்கியமான நபரிடமிருந்து பெற்று உறையவைத்த செல்களையும் கூடவே வையுங்கள். நாளுக்கு நாள் கருவி எவ்வளவு நகர்கிறது என்பதை அது காட்டும். உறையவைத்த செல்கள் மீதம் இல்லாவிட்டாலும், பழைய எண்கள் ஒரே குழுவுக்குள் ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று சொல்லும். இனி எத்தனை பேர் தேவை என்று கணக்கிடப் புள்ளியியலாளருக்கு அதுவே போதுமானது. அவரிடம் ‘பி மதிப்பு வருமா’, அதாவது வேறுபாடு புள்ளியியல்படி தேறுமா, என்று கேட்காதீர்கள். ‘எத்தனை பேர், எந்த வரிசையில், எந்த அளவுகோலை முதன்மையாக வைப்பது’ என்று கேளுங்கள். அவர் முகமே மலரும்.

இரு மருத்துவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு: மாண்டோவில் எத்தனை மில்லிமீட்டர் தடிப்பைக் கணக்கில் எடுப்பது? நோயெதிர்ப்பு ஒடுக்கப்பட்டவர்களுக்கு 5 மில்லிமீட்டர் என்று ஒருவர் வைத்திருப்பார். பொதுமக்களைப் பார்த்துப் பழகிய மற்றவர் 10 மில்லிமீட்டர் என்று வைத்திருப்பார். இருவருமே தம் வழக்கத்தில் சரி. ஆனால் 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒருவர் உங்கள் அட்டவணையில் யார் அனுப்பினார் என்பதைப் பொறுத்து வெவ்வேறு குழுவில் போய் விழுவார். இதை நீங்கள் கண்டுபிடித்துத் திருத்த முடியாது. தடிப்பின் உண்மை அளவைப் படிவத்தில் எழுதச் சொல்லி, எல்லைக்கோட்டை அவர்களையே பேசி முடிவெடுக்கச் செய்ய வேண்டும். கையெழுத்தோடு ஒரு தாளில் எழுதிவைத்தால் ஆறு மாதம் கழித்து நினைவுகள் முரண்படாது.

இன்னொன்றும் உண்டு, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் சோதனையில் ஒருவருக்குப் பதுங்கிய தொற்று இருப்பதாகத் தெரிந்தால், அது தரவு மட்டுமல்ல, அவருடைய உடல்நலச் செய்தி. அதை அவரிடம் யார், எத்தனை நாளுக்குள், எந்த வார்த்தைகளில் சொல்வது என்பது நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த மாதிரி எடுப்பதற்கு முன் திருத்தம் கொடுங்கள். அப்பொறுப்பு நெஞ்சக மருத்துவருடையது. அவருக்குத் தகவல் போய்ச் சேர்வது உங்கள் பொறுப்பு. செல்களைச் சேமித்துப் பின்னாளில் வேறு சோதனைக்குப் பயன்படுத்தவும் ஒப்புதல் படிவத்தில் இடம் இருக்க வேண்டும். நான் மேலே சொன்ன மறுசோதனைக்கும் அது தேவைப்படலாம்.

பெயர் வரிசையைப் பற்றி வெட்கப்படாமல் கேட்டதற்கு மகிழ்ச்சி. பலர் கேட்காமல் மனத்தில் வைத்துக் குமைவார்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த விதிப்படி, ஆய்வின் வடிவமைப்பிலோ தரவைப் பெறுவதிலோ பொருள் காண்பதிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது செம்மைப்படுத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு இசைவு, முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் இருந்தால்தான் ஒருவர் ஆசிரியர். நோயாளிகளை அனுப்பியது மட்டும் அதற்குப் போதாது. ஆனால் நான் சொன்னபடி மருத்துவர்கள் அளவுகோலை வகுத்து, எண்களோடு உட்கார்ந்து, வரைவைத் திருத்தினால் அவர்கள் முழுத் தகுதியுள்ள ஆசிரியர்கள். சோதனைகளைச் செய்து முதல் வரைவை எழுதுபவர் நீங்கள் என்றால் முதல் பெயர் உங்களுடையதாக இருப்பதே முறை. வேறொரு மாணவருக்கும் சம பங்கு இருந்தால் இணை முதலாசிரியர் என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. செவிலியருக்கும் தொழில்நுட்பப் பணியாளருக்கும் நன்றியுரையிலாவது பெயர் வர வேண்டும். இதையெல்லாம் முடிவுகள் வந்த பிறகு பேசினால் கசப்பு வரும். இப்போதே, முடிவான எண்கள் எதுவும் கையில் இல்லாத நிலையில் பேசினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நீங்களே தொடங்கத் தயங்கினால், வழிகாட்டியிடம் சொல்லி அவரைத் தொடங்கச் சொல்லுங்கள்.

ஆய்வேட்டுக்கு நேரமாகிறதே என்ற உங்கள் கவலைக்கும் வழி இருக்கிறது. ஒரே நோயாளியிடம் மாத்திரைக்கு முன்பும், மாத்திரை போட்ட ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுத்து ஐகிரா விடை எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடாக இருப்பதால் பெரிய எண்ணிக்கை தேவைப்படாது, சில மாதங்களில் முடியும். இரண்டாவது முறை ஊசி குத்த நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள். மாறுகிறது என்று தெரிந்தாலும் மாறவில்லை என்று தெரிந்தாலும் அது தனிக் கட்டுரைக்கு உரியது. காலையில் ரத்தம் எடுத்த பிறகு மாத்திரை போடுங்கள் என்று நோயாளிகளிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்பதை அது உங்கள் மருத்துவருக்குச் சொல்லும். மூட்டுநோய், காசநோய், ஆய்வகம், கணக்கு ஆகிய நான்கும் அந்தச் சிறு கேள்வியிலேயே சந்திக்கின்றன.

வழிகாட்டியிடம் கேட்டு, அடுத்த கூட்டத்தை மருத்துவமனையில், வெளிநோயாளர் நாளன்று, பணி முடிந்த பிறகு வையுங்கள். புள்ளியியலாளர் நேரில் வர முடியாவிட்டால் காணொளியில் இருக்கட்டும். ஒரே ஒரு அட்டவணையை எடுத்துச் செல்லுங்கள்: இதுவரை சோதித்த ஒவ்வொரு மாதிரிக்கும் ரத்தம் எடுத்த நாள், நேரம், கடைசி ஸ்டீராய்டு மாத்திரை போட்ட நேரம், கடைசி மெதோட்ரெக்சேட் நாள், குழாய் ஆய்வகம் வந்த நேரம், ஆன்டிபாடித் தொகுதி எண், தடிப்பின் அளவு. பல கட்டங்கள் காலியாக இருக்கும். ஊகித்து நிரப்பாமல் காலியாகவே கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்தக் கட்டத்தை இனி யார் நிரப்புவது என்று அங்கேயே பிரித்துக்கொள்ளலாம்.